வைஃபை இருக்கு, நெட் இல்லை! செட் டாப் பாக்ஸ் அடம்பிடித்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வருகிறது. டிவியைப் போட்டால் சேனல்கள் எல்லாம் ஓடுகின்றன. ஆனால் நேற்று பாதியில் விட்ட சீரியலை ஆப்பில் பார்க்கலாம் என்று போனால், 'இணைய இணைப்பு இல்லை' என்று திரை சொல்கிறது. கோவையில் வேலை பார்க்கும் பேரனுக்கு அப்பத்தா போன் போடுகிறார்.

"ஏய்யா, சேனல் வருது, நீ போட்டுக் கொடுத்த ஆப்பு மட்டும் வரமாட்டேங்குது. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் பார்த்து வச்சிருக்கேன், அடிக்கட்டுமா?"

"இரு அப்பத்தா, யாருக்கும் அடிக்காத. நான் சொல்றதை ஒண்ணொண்ணா செய்யி."

பேரன் தடுத்தது நல்லது. கூகுளில் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பர்களில் மோசடிக் கும்பலின் நம்பர்களும் கலந்திருக்கின்றன. பத்து நிமிடத்தில் வீட்டிலேயே சரியாகும் கோளாறுக்காக வங்கிக் கணக்கைப் பறிகொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம்.

சேனல் வரும்போது ஆப் ஏன் வரவில்லை?

இப்போது வரும் ஸ்மார்ட் பாக்ஸ்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சேனல்கள் மாடியில் இருக்கும் டிஷ் வழியாகவோ, கேபிள் வழியாகவோ வருகின்றன. ஓடிடி ஆப்கள் இணையம் வழியாக வருகின்றன. சேனல் ஓடுகிறது என்றால் பாக்ஸ் உயிரோடுதான் இருக்கிறது, இணையத்தில்தான் சிக்கல்.

அந்த இணையமும் மூன்று இடங்களைத் தாண்டி வருகிறது. தெருவிலிருந்து மோடத்துக்கு வரும் லைன், மோடத்திலிருந்து பாக்ஸுக்கு வரும் வைஃபை, கடைசியாக பாக்ஸ். இந்த மூன்றில் எங்கே கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. மோடம் விளக்கைப் பாருங்கள்

'வைஃபை கனெக்டட்' என்று வந்தால் இணையம் வருகிறது என்று அர்த்தமில்லை. பாக்ஸும் மோடமும் பேசிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தெருவில் லைன் அறுந்திருந்தாலும், மாத பேக் முடிந்திருந்தாலும் 'கனெக்டட்' என்றே காட்டும்.

ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், லைனில் ஒளி வரவில்லை என்று பொருள். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். பின்னால் மஞ்சள் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியும் சிவப்பு போகவில்லை என்றால் புகார் கொடுப்பதுதான் வழி.

பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவி பாக்ஸ்கள் பல ஊர்களில் ஒரே நேரத்தில் நின்றுபோனது நினைவிருக்கலாம். அன்று யார் வீட்டு ஒயரிலும் தப்பில்லை. பின்னால் இருந்த மென்பொருளில்தான் சிக்கல். இப்படி ஊருக்கே வரும் கோளாறுக்கு வீட்டில் பாக்ஸைக் கழற்றிப் பயனில்லை.

2. எது முதலில், எது அடுத்து?

கரண்ட் வந்ததும் மோடமும் பாக்ஸும் ஒன்றாக ஆன் ஆகின்றன. மோடத்துக்கு இணையம் வருவதற்குள் பாக்ஸ் தேடிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டிவிடுவது உண்டு.

அதனால் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்தால் பாக்ஸ் தூங்கத்தான் செய்யும். சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மோடத்தை மட்டும் போடுங்கள். மூன்று, நான்கு நிமிடங்களில் விளக்குகள் நிலையாக எரியும். அதன் பிறகு பாக்ஸைப் போடுங்கள்.

3. செல்போனை வைத்து ஒரு சோதனை

அப்பத்தா வீட்டில் சிவப்பு விளக்கு இல்லை. அணைத்துப் போட்டும் ஆப் வரவில்லை.

முதலில் உங்கள் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் சோதனையே தப்பாகிவிடும். லைன் செத்திருந்தாலும் போன் தன் சொந்த டேட்டாவில் வீடியோவை ஓட்டிக்காட்டும்.

அடுத்து, டேட்டாவை மீண்டும் போட்டு, ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, பாக்ஸை அதில் இணையுங்கள். ஆப் ஓடினால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. வீட்டு வைஃபையில்தான் பிரச்னை. ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் பாக்ஸைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்தச் சோதனையை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஹெச்டி வீடியோ ஒரு மணி நேரத்தில் சுமார் 3 ஜிபி வரை தின்னும். தினசரி 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு அரை மணி நேரத்தில் அன்றைய டேட்டா காலி.

4. வீட்டு வைஃபையில் சிக்கல் என்றால்

அப்பத்தா வீட்டு பாக்ஸ் ஹாட்ஸ்பாட்டில் ஓடியது. போனிலும் வீட்டு வைஃபை வேலை செய்தது. அப்படியானால் பாக்ஸுக்கும் மோடத்துக்கும் இடையில்தான் தகராறு.

பல மோடங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வைஃபைகளைத் தருகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகிவிடும். 2.4 வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். கனமான சுவர்கள் உள்ள பழைய வீடுகளில் 2.4-தான் கைகொடுக்கும். சில பழைய பாக்ஸ்களுக்கு 5 கண்ணிலேயே படாது.

கரண்ட் போய் வந்ததும் மோடம் தானாகவே வேறு அலைவரிசைக்கு மாறிக்கொள்வதும் உண்டு. பாக்ஸால் அதைப் பிடிக்க முடியாவிட்டால், நேற்று வரை ஓடியது இன்று நின்றுவிடும். பாக்ஸின் செட்டிங்ஸில் பழைய வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, 2.4 பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாகப் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் இணையாது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு, ஒரு பல் மாறினாலும் சாவி திறக்காது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

பாக்ஸும் மோடமும் பக்கத்தில் இருந்தால், லேன் ஒயர் ஒன்றைச் செருகிவிடுவது இன்னும் நல்லது.

5. பாக்ஸில் சிக்கல் என்றால்

முதலில் தேதியைப் பாருங்கள். பாக்ஸ் 1970 ஜனவரி 1 என்று காட்டினால் ஆப்கள் திறக்காது. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அதற்குக் காலக்கெடுவும் உண்டு. பாக்ஸின் தேதி தப்பாக இருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழையும் அது ஏற்காது. தேதியை 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் கையால் மாற்றுங்கள்.

அடுத்து, சாஃப்ட்வேர் அப்டேட். பல தளங்கள் பயன்படுத்தும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பின் சான்றிதழ்களை, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய சாதனங்கள் ஏற்கும்படி செய்திருந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-ல் முடிந்துவிட்டது. அப்டேட் வராத பழைய பாக்ஸில் சில ஆப்கள் மட்டும் திறக்க மறுத்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

'ஃபேக்டரி ரீசெட்' கடைசி வழி. அதைச் செய்தால் ஆப்களும் லாகின்களும் அழிந்துவிடும். பாஸ்வேர்டுகள் கையில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

மோடத்தின் பின்னால் ஊக்கு நுழையும் அளவுக்குச் சிறிய துளை இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால், மோடத்தில் பதிந்துள்ள உங்கள் இணைப்பின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோகலாம். பிறகு டெக்னீஷியன் வந்துதான் போட வேண்டும். அதுவரை வீட்டில் யாருக்கும் நெட் கிடையாது.

போன் செய்வதென்றால் யாருக்கு?

நிறுவனத்தின் நம்பரை உங்கள் பில்லிலிருந்தோ, அந்த நிறுவனத்தின் ஆப்பிலிருந்தோ, பாக்ஸின் 'ஹெல்ப்' பக்கத்திலிருந்தோ எடுங்கள். எதிரில் பேசுபவர் திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, 'ரீஃபண்ட் அனுப்ப யுபிஐ பின் போடுங்கள்' என்றாலோ உடனே போனை வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

இணைய நிறுவனத்தில் புகார் கொடுத்தால், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரச்னை தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த எண் வேண்டும்.

நாகல் நகர் வீட்டில் 2.4 வைஃபைக்கு மாற்றியதும் ஆப் வந்துவிட்டது. சீரியலைப் போடுவதற்கு முன் பேரன் இன்னொரு வேலையும் சொன்னான்.

"அப்பத்தா, கஸ்டமர் ஐடி, வைஃபை பாஸ்வேர்டு, பில்லுல இருக்கிற நம்பர், மூணையும் ஒரு தாள்ல எழுதி டிவி ஸ்டாண்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையி. அடுத்த தடவை கூகுள்ல தேட வேண்டாம்."

உங்கள் வீட்டிலும் இன்றே அப்படி ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.