நடுவானில் இன்ஜின் நின்றால் குட்டி விமானம் அப்படியே விழுந்துடுமா? சிதறால் மேலே ஒரு கணக்கு

2025 நவம்பர் 13. புதுக்கோட்டை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலை அருகே ஒரு பயிற்சி விமானம் திடீரெனத் தரையிறங்கியது. சேலத்தைச் சேர்ந்த பயிற்சி நிறுவனத்தின் செஸ்னா 172 ரக விமானம் அது. தொழில்நுட்பக் கோளாறுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினர்.

வீடியோ பார்த்த பலருக்கும் வந்த சந்தேகம்: இன்ஜின் நின்றுபோனால் விமானம் கல் மாதிரி விழாதா?

விழாது. ஏன்?

விமானத்தைத் தாங்குவது இறக்கை. இன்ஜின் வேகத்தை மட்டுமே கொடுக்கிறது. அது நின்றாலும், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் சரிவில் இறங்கும் சைக்கிள் போல விமானம் மிதந்தபடி இறங்கும். செஸ்னா 172-க்கு இதற்கான வேகம் மணிக்கு சுமார் 120 கி.மீ. காற்று இல்லாதபோது, 1 கி.மீ உயரத்தை இழப்பதற்குள் ஏறக்குறைய 9 கி.மீ தூரம் போகலாம்.

விமானி என்ன செய்வார்?

முதலில் அந்த வேகத்தைப் பிடிப்பார். அடுத்து இறங்கும் இடத்தை முடிவு செய்வார். அதன் பிறகுதான் எரிபொருள் வால்வு, இக்னிஷன் எல்லாம் சரிபார்த்து இன்ஜினை மறுபடி இயக்கிப் பார்ப்பார். ரேடியோவில் மூன்று முறை 'மேடே' சொல்வார். தரை நெருங்கியதும் தீப்பிடிக்காமல் இருக்க எரிபொருளை அடைப்பார். கதவு நசுங்கி மாட்டிக்கொள்ளாதபடி முன்பே அதைத் திறந்து வைப்பார்.

சரி, இதே நிலை சிதறால் மேலே வந்தால்?

சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலை உச்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் தென்னை, ரப்பர், இடையிடையே வீடுகள். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் கையில் இருப்பது சுமார் 8 கி.மீ தூரமும் 4 நிமிடமும்தான். திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 40 கி.மீ. தேங்காய்ப்பட்டணம் கடற்கரைகூட 12 கி.மீக்கு மேல். இரண்டுமே எட்டாது.

ரோடு? பார்க்க நேராக இருக்கும். ஆனால் மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பஸ், பைக் எல்லாம் ஓடும். கீழே இருப்பவர்களின் உயிரும் கணக்கில் உண்டு. திறந்த வயல் கிடைத்தால் அதுவே மேல். எதுவும் இல்லையென்றால், கட்டுப்பாட்டை இழக்காமல் முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, மரங்களின் மேல் தட்டையாக இறக்குவதுதான் மிச்சமிருக்கும் வழி. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும்.

பெரிய தப்பு எது?

விமானத்தைக் காப்பாற்றப் பார்ப்பது. எட்டாத ஓடுதளத்துக்கு இழுத்துப் பிடித்து மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். ஒரு கட்டத்தில் இறக்கை தாங்கும் திறனை இழக்கும். அப்போதுதான் விமானம் நிஜமாகவே விழும். இறக்கை உடைந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் நடந்து வெளியே வரணும்: பயிற்சியில் சொல்லித்தருவது இதைத்தான். 2016 மே மாதம் டெல்லி நஜஃப்கர் அருகே வயலில் இறங்கிய ஏர் ஆம்புலன்ஸ் நொறுங்கியது; அதில் இருந்த 7 பேரும் பிழைத்தார்கள்.

பக்கத்தில் நாம் இருந்தால்?

செல்ஃபி அப்புறம். எரிபொருள் கசியலாம், பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. புரொப்பல்லரைத் தொடாதீங்க, அது நின்றிருந்தாலும் திடீரெனச் சுழல வாய்ப்புண்டு. 112-க்கு போன் செய்து, ஆம்புலன்ஸ் வர வழிவிட்டு நின்றாலே பெரிய உதவி.