பட்டதாரிகளை எண்ணுவது எதற்காக?

பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் பிள்ளையை எமது நாடு மிக நுணுக்கமாக அளக்கிறது. இசட் புள்ளி நான்கு தசம தானம் வரை கணிக்கப்படுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் மாவட்ட வாரியான வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் வெளியாகிறது. ஆனால் அதே பிள்ளை பட்டத்துடன் வெளியே வந்த பின்னர் எங்கே போனது, என்ன தொழில் செய்கிறது என்பதை இதே அக்கறையுடன் யாரும் கேட்பதில்லை.

பட்டமளிப்பு விழாவையொட்டிக் கேள்விக்கொத்து கொடுத்து ஆய்வு செய்யும் வழக்கம் இங்கும் உண்டுதான். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் பிரிவுகளும் உள்ளன. ஆனால் பட்டமளிப்பு நாளில் தொழில் இல்லாதவர் மூன்று வருடங்களின் பின் என்ன ஆனார் என்பதை அந்தக் கேள்விக்கொத்து சொல்லாது. அதன் முடிவுகள் உடப்புசல்லாவையில் உயர்தரப் பாடம் தெரிவு செய்யும் மாணவியின் கைக்கும் வந்து சேர்வதில்லை. "எந்தப் பாடம் படித்தால் வேலை கிடைக்கும் சேர்?" என்று பெற்றோர் கேட்கும்போது ஆசிரியர்களாகிய நாம் செவிவழிக் கதைகளையே பதிலாகச் சொல்கிறோம்.

தரவு இல்லாததுதான் காரணமா? 2020ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பார்ப்போம். சுமார் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுனர்களாக இணைக்கும் திட்டத்தை அன்றைய அரசாங்கம் முன்னெடுத்தது. பெயர்ப் பட்டியல் வெளியானபோது பலரது பெயர்கள் இருக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியிலோ ஊழியர் நம்பிக்கை நிதியத்திலோ பெயர் பதிவாகியிருந்தவர்கள் ஏற்கனவே தொழில் செய்பவர்கள் எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டிருந்தனர். எதிர்ப்புகள் எழுந்த பின்னரே மேன்முறையீட்டுக்கு இடமளிக்கப்பட்டது.

நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரி வீட்டில் சும்மா இருக்க முடியாது. கடையிலோ, தனியார் நிறுவனத்திலோ குறைந்த சம்பளத்துக்காவது வேலை செய்திருப்பார். அவருக்காகச் சட்டப்படி நிதி செலுத்திய முதலாளியின் நேர்மையே அவருக்கு எதிரான சாட்சியாக மாறியது. பதிவில்லாமல் வேலை செய்தவர் தப்பினார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பட்டதாரி என்ன செய்கிறார் என்று அறிவதற்கு அரசிடம் வழி இருக்கிறது. மற்றையது, அந்த வழி அவரை விலக்கவே பயன்பட்டது. இனி எந்த இணையவழிப் பதிவு வந்தாலும் "உண்மையைச் சொன்னால் நியமனம் போய்விடுமோ?" என்ற அச்சம் இருக்கும். அச்சத்துடன் நிரப்பப்படும் படிவத்திலிருந்து சரியான புள்ளிவிபரம் பிறக்காது.

இத்தாலியில் 1994இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தொடங்கப்பட்ட அல்மாலௌரியா என்ற அமைப்பு வேறு வழியைக் காட்டுகிறது. பட்டம் பெற்று ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்து அது பட்டதாரிகளைத் தொடர்புகொள்கிறது. முடிவுகள் கற்கைநெறி வாரியாகப் பகிரங்கமாகின்றன. அதே இடத்திலேயே பட்டதாரியின் சுயவிபரக் கோவை தொழில் வழங்குநர்களின் பார்வைக்குப் போகிறது. தகவல் கொடுப்பவருக்கு அதனால் ஒரு பயன் உண்டு, ஆகவே அவர் கொடுக்கிறார். மலேசியாவிலும் உயர்கல்வி அமைச்சு பட்டதாரிகளிடம் இணையவழியாகத் தகவல் திரட்டுகிறது.

எமது சமூகத்துக்கு இது தூரத்து விடயமல்ல. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் எமது பெண் பிள்ளைகள் பெருமளவில் பட்டம் பெறுகிறார்கள். கலைப் பட்டம் பெற்ற பலருக்கு ஆசிரியத் தொழிலும் அரச நியமனமும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் வாசல்கள். மலைநாட்டுச் சிறு நகரங்களில் நிலைமை இன்னும் கடினம். கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய்வருவதே ஒரு நாள் சம்பளத்துக்கு மேற்பட்ட செலவு. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய, நம்பகமான ஓர் இணையவழி ஏற்பாடு யாரையும்விட இவர்களுக்குத்தான் உதவும்.

ஆகவே அத்தகைய ஏற்பாடு வரும்போது சில விடயங்களை நாம் உறுதியாகக் கேட்க வேண்டும். அது தமிழிலும் முழுமையாக இயங்க வேண்டும். முடிவுகள் கற்கைநெறி, மாவட்டம், மொழிமூலம், ஆண், பெண் என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாடசாலைக்கும் கிடைக்க வேண்டும். தனியார் தொழில் செய்வதாகச் சொன்னவரின் அரச விண்ணப்பம் அதன் காரணமாக நிராகரிக்கப்படாது என்று எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. திரட்டிய தகவல் வேறு நோக்கத்துக்குத் திருப்பப்படாமல் காக்க அது கைகொடுக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. பாடசாலைப் பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து தமது ஊர்ப் பட்டதாரிகளை, அவர்களது சம்மதத்துடன், தொடர்பில் வைத்திருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்களை உயர்தர மாணவர்களுடன் அமர்த்திப் பேச வைக்கலாம். பத்துப் பட்டதாரிகள் உள்ள ஊருக்கு மென்பொருள் தேவையில்லை, ஒரு கொப்பி போதும். ஆனால் அந்தக் கொப்பியைத் திறப்பவர், "இவருக்கு நாம் என்ன செய்யலாம்?" என்ற கேள்வியோடு திறக்க வேண்டும்.