அவர் இல்லாத நாளிலும் மோட்டார் ஓட வேண்டும்

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். கணவர் மின் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நகரியத்து வட்டக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, சொந்த ஊரில் மூன்று ஏக்கரைப் பார்த்துவருகிறார்கள். ஒன்றரை ஏக்கரில் நெல், மீதியில் முந்திரி, வரப்போரம் சில பலா மரங்கள். ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கணவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. இப்போது அந்த ஆர்வம் முழுவதும் மோட்டார் கொட்டகைக்குக் குடிவந்துவிட்டது. கைப்பேசி ஸ்டார்ட்டர், டைமர், தொட்டியில் நீர்மட்டம் காட்டும் கருவி, கேமரா என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுகிறார். பாதிக் கருவிகள் ஆறு மாதத்தில் பரணுக்குப் போய்விடுகின்றன.

சென்ற நவரைப் பட்டத்தில் அவர் காய்ச்சலோடு ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். நெல் பூக்கும் தறுவாயில் நின்றது. பெட்டியைத் திறந்த மகனுக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் விட்டதால் பயிர் தப்பியது. "இந்தக் கருவிகளையெல்லாம் கழற்றிவிடச் சொல்லலாமா?" என்பது அம்மாவின் கேள்வி.

கழற்றச் சொல்ல வேண்டாம். எவை இருக்க வேண்டும், எவை போகலாம் என்று பிரித்துப் பார்த்தால் போதும். இன்று ஊருக்கு ஒருவராவது இப்படிப்பட்டவர் இருக்கிறார். பக்கத்துக் காட்டு மோட்டார் நின்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவருடைய ஆர்வம் வீட்டுக்குச் செலவாக முடிவதும் வரவாக முடிவதும், அதை எதில் திருப்புகிறார் என்பதைப் பொறுத்தது.

கிணற்றில் தொடங்கிய ஊர்

நெய்வேலியே ஒரு கிணற்றில் தொடங்கிய ஊர்தான். 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. தண்ணீர் கிடைத்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிறகு புவியியல் துறையினர் துளையிட்டுப் பார்த்துப் பழுப்பு நிலக்கரி இருப்பதை உறுதிசெய்தார்கள். 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962-ல் மின்சாரம் வந்தது. கிணற்றில் கறுப்பைப் பார்த்த ஆண்டுக்கும் கரண்ட் வந்த ஆண்டுக்கும் நடுவே 28 வருடம்.

இதில் ஆர்வலர்களுக்கு ஒரு பாடம் உண்டு. பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், தெரிந்தவர்களிடம் காட்டி, மற்றவர் கைக்கும் போக விட்டதால்தான் அது ஊருக்குப் பயன்பட்டது. மோட்டார் பெட்டிக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு மட்டும் புரிகிற கருவி, அவர் படுத்தால் தானும் படுத்துவிடும்.

கைப்பேசி ஸ்டார்ட்டரின் தொல்லைகள்

பூனாவைச் சேர்ந்த மின்னணுப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், கைப்பேசியால் பம்புசெட்டை இயக்கும் 'நானோ கணேஷ்' கருவியை உருவாக்கியவர். மோட்டார் போடுவதற்காகவே தம் தாத்தா வெகுதூரம் நடந்து போவதைப் பார்த்ததுதான் அவருக்குத் தூண்டுதல். இரவில் கரண்ட் வரும் ஊர்களில் பாம்புக்கும் பள்ளத்துக்கும் பயந்து டார்ச்சோடு போனவர்களுக்கு அந்தக் கருவியின் அருமை தெரியும். எனவே கைப்பேசி ஸ்டார்ட்டர் வீண் ஆடம்பரம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் வாங்கியவர்கள் படும் பாடும் உண்மை. பழைய கருவிகள் பல 2ஜி சிம்மில் மட்டும் வேலை செய்பவை. 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் அவை பேசாது. ரீசார்ஜ் முடிந்த அன்று மோட்டாரும் ஊமையாகிவிடும். முந்திரித் தோப்புக்குள் டவர் எட்டாது. ரிலேக்குள் எறும்பு கூடு கட்டும், பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆகும், எலி ஒயரைக் கடிக்கும். இவை தவிர மின்னல் வேறு.

இதற்குக் கைமருந்து சில உண்டு. வாங்கும் முன் பெட்டி வைக்கப்போகும் இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரீசார்ஜ் முடியும் தேதியைப் பெட்டி மூடியிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒயர் நுழையும் துளைகளை ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். இடி மழைக்கு அறிகுறி தெரிந்ததும் மெயினை அணைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பேசி வேலை செய்யாவிட்டாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும்படி பழைய ஸ்டார்ட்டர் அப்படியே இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டபோது மின்கம்பங்களும் சாய்ந்தன. ஒரே வழியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காசு போக வேண்டிய முதல் இடம்

ஆர்வலர்கள் பெரும்பாலும் வசதி தரும் கருவியை முதலில் வாங்குகிறார்கள், பாதுகாப்பு தரும் கருவியைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். வரிசை மாற வேண்டும்.

மூன்று பேஸ் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போய்விட்டால், அதே சுமையை இழுக்க மீதி இரண்டு பேஸிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காக உயரும். சில நிமிடத்தில் காயில் கருகிவிடும். இதைத் தடுப்பது சிங்கிள் பேஸ் பிரிவெண்டர். பல கொட்டகைகளில் அது பெட்டிக்குள் இருக்கும், ஆனால் இரண்டு பேஸ் நேரத்தில் கண்டென்சர் வைத்து ஓட்டுவதற்காக அதன் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். ஒரு மணி நேரத் தண்ணீருக்கு ஆசைப்பட்டு, காயில் கட்டும் செலவையும் அது கட்டி வரும் வரையில் பயிர் காய்வதையும் விலைக்கு வாங்கும் வேலை அது. மின்வாரிய விதிகளுக்கும் முரணானது.

இரண்டாவது, தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு. நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவது அதைச் சுற்றியுள்ள தண்ணீர்தான். போரில் நீர் இறங்கிவிட்ட பிறகும் ஓடினால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். மூன்றாவது, நல்ல எர்த்தும் மின்கசிவுத் தடுப்பானும். தடுப்பான் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டவர்கள் உண்டு. அது விழுவதே எங்கோ கேபிளில் கசிவு இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. ஈரக் காலோடு பெட்டியைத் தொடும் வீட்டில், காட்டிக்கொடுப்பவனைத் துரத்திவிட்டுத் திருடனை உள்ளே வைத்திருப்பதற்கு அது சமம்.

தானாக ஓடும் மோட்டாரின் ஆபத்து

கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரை ஓடவைக்கும் 'ஆட்டோ' அமைப்பு இன்று மிகவும் பரவியிருக்கிறது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று உயிர் பற்றியது. கரண்ட் இல்லையே என்று பெல்ட்டில் கை வைத்தவருக்கும், கிணற்றுக்குள் இறங்கிப் பைப்பைச் சரிசெய்பவருக்கும், மோட்டார் எந்த நொடியிலும் கிளம்பலாம் என்பது நினைவில் இருக்காது. வேலை தொடங்கும் முன் மெயினை அணைத்து, மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி, வேலை செய்பவர் தம் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டோ சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கைப்பேசி ஸ்டார்ட்டர் உள்ள இடத்தில் வெளியூரிலிருந்துகூட யாராவது மோட்டாரைப் போட்டுவிட முடியும்.

மற்றொன்று டிரான்ஸ்பார்மர் பற்றியது. ஆட்டோ போட்ட பிறகு டிரான்ஸ்பார்மரில் பீஸ் அடிக்கடி போகிறது என்று பல ஊர்களில் சொல்கிறார்கள். நேரடியாக ஓடவைக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள இருபது மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால் அது எப்படித் தாங்கும்? பெரும்பாலான ஆட்டோ கருவிகளில் தாமத நேரம் வைக்கும் வசதி உண்டு. முதல் நிலத்துக்காரர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு நிமிடம், அதற்கடுத்தவர் மூன்று நிமிடம் என்று பேசிவைத்துக்கொண்டால் பிரச்சினை தீரும். இருபது பேரையும் ஒரு மரத்தடியில் உட்காரவைத்து இதைச் சொல்வதற்கு, எல்லாரும் மதிக்கிற ஒரு கருவிப் பிரியர்தான் பொருத்தமானவர்.

செலவில்லாத கருவி ஒன்று

கருவிப் பிரியர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத கருவி ஒன்று உண்டு. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. கை நுழையும் அளவு அகலம் வேண்டும். அதன் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி நெல் வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு, வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் 30 சதவீதம் வரை நீரை மிச்சப்படுத்தலாம். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

இதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். 200 லிட்டர் டிரம் 40 வினாடியில் நிரம்பினால், மோட்டார் மணிக்கு 18,000 லிட்டர் தருகிறது. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நீர் நிற்க, மண் உறிஞ்சுவதைச் சேர்க்காமலே ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது 11 மணி நேரம். டைமரில் எத்தனை மணி நேரம் வைப்பது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். கணக்குப் போடாமல் ஆட்டோவில் விட்ட மோட்டார், மின்சாரம் இலவசம் என்பதால் விடிய விடிய ஓடி, வரப்பைத் தாண்டி வழிந்து, போரின் நீர்மட்டத்தையும் இறக்கிவிடும்.

வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும்

வாசகி கணவரிடம் கேட்க வேண்டியது நான்கு காரியங்கள்தான். முதலாவது, ஒயர் இணைப்பைத் தமிழில் படமாக வரைந்து பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுவது. இரண்டாவது, ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதுவது. 'இதைத் தொடாதே' என்று இருப்பதற்கும் எழுத வேண்டும். மூன்றாவது, வோல்ட், ஆம்பியர், ஓடிய நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவருவது. வோல்ட் மாறாமல் ஆம்பியர் மட்டும் ஏறிக்கொண்டே போனால் பம்பு இறுகுகிறது என்று பொருள். ஆம்பியரும் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் போரில் நீர் இறங்குகிறது என்று பொருள். மோட்டார் எரிவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். நான்காவது, மாதம் இரண்டு முறை அவர் தள்ளி நின்று பார்க்க, அம்மாவோ மகனோ மோட்டாரைத் தாங்களே போட்டு, தாங்களே நிறுத்துவது. பெட்டிக்குள் கை வைக்கும் வேலை இதில் சேராது, அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

இனிமேல் புதிதாக ஒன்று வாங்கும்போதும் இதே அளவுகோல்தான். வீட்டில் இன்னொருவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடிந்தால் அது மாட்டத் தகுந்த கருவி. முடியாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரக் கருவியானாலும் அது விளையாட்டுச் சாமான்தான். அதற்கும் வீட்டில் ஒரு மேசை ஒதுக்கிக் கொடுக்கலாம், மோட்டார் கொட்டகையில் மட்டும் இடம் கூடாது.

கைப்பேசி ஸ்டார்ட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். நடப்பு ஆண்டு விவரத்தை உபகோட்ட உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். விண்ணப்பிக்கப் போகும்போது வீட்டில் மோட்டார் போடப்போகும் இன்னொருவரையும் கூடவே அழைத்துப் போவது நல்லது.