மூட்டம் போட்ட வானமும் மீன் குட்டையும்

கேள்வி: பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் எட்டு மாதமாக வளர்கின்றன. மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடியிருந்தது, காற்றும் இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் பெரிய மீன்கள் செத்து மிதந்தன. முந்தின நாள் மாலைகூட நன்றாகத் தீனி எடுத்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் சந்தேகம் வருகிறது. யாராவது மருந்து கலந்திருப்பார்களா?

பதில்: கேள்வியில் உள்ள விவரங்களைப் பார்த்தால், விஷத்தைவிட பிராணவாயுக் குறைவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூடிய வானம், அடங்கிய காற்று, விடியற்காலை, பெரிய மீன்கள் ஆகிய நான்கும் அதையே காட்டுகின்றன. பஞ்சாயத்து கூட்டுவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது.

குட்டை நீரில் பச்சை நிறம் தருவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயில் இருக்கும் வரை அது பிராணவாயுவை உண்டாக்குகிறது. பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். இரவு முழுவதும் மீன், பாசி, அடியில் மட்கும் சாணம், மிஞ்சிய தீனி எல்லாமே இருப்பில் உள்ளதைச் செலவு செய்யும். அதனால் விடியும் முன்புதான் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். வானம் மூடியிருந்தால் பகலில் சேரும் இருப்பே குறைவு. மூன்று நாள் அப்படிப் போனால் கடைசி இரவைத் தாண்ட இருப்பு போதாது.

காற்று அடித்தால் நீர்ப்பரப்பு அலையாடி, வெளிக்காற்றிலிருந்து பிராணவாயு கரையும். மேல் நீரும் அடி நீரும் கலக்கும். காற்று அடங்கினால் மேல் நீர் சூடாகவும் அடி நீர் பிராணவாயு இல்லாமலும் தனித்தனியாக நிற்கும். அந்த நிலையில் திடீரென்று குளிர்ந்த கனமழை பெய்தாலோ சூறைக்காற்று அடித்தாலோ, அடியில் கிடந்த கெட்ட நீர் சேற்று வாடையோடு மேலே புரண்டு வரும். கோடை இடிமழைக்கு மறுநாள் மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான். ஆடிக் காற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில்தான் அதிகக் கவனம் தேவை.

கெண்டை மீன்களுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் பிராணவாயு இருப்பது நல்லது. 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும், மீன் சோர்ந்துவிடும். 1 மில்லிகிராமுக்கும் குறைந்து சில மணி நேரம் நீடித்தால் சாவு தொடங்கும்.

விஷமா, பிராணவாயுக் குறைவா என்று எப்படி அறிவது?

பிராணவாயு குறைந்தால் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரியவை முதலில் சாகும். குஞ்சுகள் பெரும்பாலும் தப்பும். நத்தைகள் கரையோரம் ஏறி நிற்கும். விஷமாக இருந்தால் நேரம் காலம் கிடையாது. வெயில் ஏறிய பிறகும் சாகும். சிறிது பெரிது என்ற வித்தியாசம் இருக்காது. தவளை, நீர்ப்பூச்சிகளும் செத்துக் கிடக்கலாம். மீன்கள் தாறுமாறாகச் சுழன்று நீந்தும். அப்படித் தெரிந்தால் சுத்தமான பாட்டிலில் குட்டை நீரை நிரப்பி மூடி, சாகும் நிலையில் உள்ள மீன் ஒன்றிரண்டை ஐஸில் வைத்து, அன்றே மீன்வளத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் தெரியும் வரை செத்த மீனை விற்கவோ சமைக்கவோ கூடாது.

மூட்டம் போட்ட நாட்களில் செய்ய வேண்டியவை:

1. காற்றில்லாமல் வானம் மூடியிருந்தால் அன்று மாலைத் தீனியை நிறுத்திவிடவும். மீன் கேட்கிறதே என்று தவிடும் புண்ணாக்கும் போட்டால் செரிப்பதற்கே கூடுதல் பிராணவாயு செலவாகும். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது.

2. சாணம், கோழி எரு, யூரியா, சூப்பர் பாஸ்பேட் எதையும் அந்த நாட்களில் இடக் கூடாது.

3. விடியற்காலை நான்கு மணிக்கு டார்ச் விளக்கோடு ஒருமுறை குட்டையைப் பார்க்கவும். மீன்கள் மேலே நின்றால் உடனே மோட்டாரைப் போட்டு, குட்டை நீரையே இறைத்து உயரத்திலிருந்து பலகை மேல் சிதறி விழும்படி விடவும். போர்வெல் நீரில் பிராணவாயு குறைவு என்பதால் அதையும் சிதறவிட்டே சேர்க்க வேண்டும். மோட்டார் இல்லாவிட்டால் மூங்கில் கழியால் மேல் நீரை அடித்துக் கலக்கலாம். அடிச்சேற்றைக் கிளறிவிடக் கூடாது.

4. அவசரத்தில் சுண்ணாம்பை அள்ளிப் போட வேண்டாம். நீரின் காரத்தன்மை கூடினால் அதிலுள்ள அம்மோனியா மீனுக்குக் கடும் நஞ்சாக மாறும்.

5. அன்றைக்கு வலை இழுக்க வேண்டாம். சேறு கலங்கினால் மிச்சமிருக்கும் பிராணவாயுவும் போய்விடும்.

சாதாரண நாட்களில் கையை முழங்கை வரை நீரில் விட்டுப் பார்க்கவும். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம். எருவை நிறுத்தி, கொஞ்சம் நீரை மாற்றவும். கரையைச் சுற்றி அடர்ந்த மரம் வைத்தால் காற்று தடைப்படும். இலையும் விழுந்து மட்கும். மிதக்கும் தீனியைக் காற்று வரும் பக்கத்துக் கரையிலிருந்து போட்டால் அது குட்டை முழுவதும் பரவும்; கரையில் ஒதுங்கி வீணாகாது.

கேள்வி: மூட்டமான நாளில் டிரவுட் மீன் நன்றாகக் கிடைக்கும் என்கிறார்களே, அதை நம் குட்டையில் வளர்க்கலாமா?

பதில்: சமவெளியில் முடியாது. டிரவுட் குளிர்ந்த ஓடைநீர் மீன். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அவலாஞ்சியில் இதற்குக் குஞ்சு பொரிப்பகம் உண்டு. 10 முதல் 18 டிகிரி வரையுள்ள நீரில்தான் நன்றாக வளரும். 10 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அந்த வெப்பத்தை டிரவுட் தாங்காது.

மூட்டமான நாளில், இளங்காற்று நீரைச் சலசலக்க வைக்கும்போது டிரவுட் அச்சமின்றி மேலே வந்து பூச்சி தின்னும். தூண்டில்காரர்கள் அந்த நேரத்துக்குக் காத்திருப்பது அதனால்தான். ஓடும் குளிர்நீரில் பிராணவாயுக் கவலை இல்லை. குட்டையில் கெண்டை மேலே வந்து நின்றால் அது இரை தேடி வந்ததல்ல, மூச்சுக்காக வந்தது. அப்போது தீனிக் கூடையை எடுக்காமல் மோட்டாரைப் போட வேண்டும்.