செயினுக்கு எந்த எண்ணெய்?

பண்டமாரானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் துறைமுகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ‘கிரேவல் பைக்’ என்கிற புது மாதிரி சைக்கிள் ஒன்றை வாங்கினானாம். ஞாயிறு தவறாமல் கேரித் தீவுப் பக்கம் போய், செம்பனைக் காட்டுக்குள்ளே செம்மண் சடக்குகளில் ஓட்டிவிட்டு வருவானாம். ஆறு மாதம்கூட ஆகவில்லை. செயின் தேய்ந்துவிட்டது, பின்சக்கரத்துப் பல்லும் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். “ஓட்டப் போகிற போதெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டுத்தானே போகிறான், பிறகு ஏன் இப்படி?” என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் மகன் அக்கறை இல்லாத பிள்ளை அல்ல. எண்ணெய் போக வேண்டிய இடம் ஒன்று, அவர் விட்ட இடம் வேறொன்று. அவ்வளவுதான்.

கிரேவல் என்றால் சரளைக்கல். தார் போடாத சாலையில் ஓட்டுவதற்கென்றே அகலமான டயரும் வளைந்த கைப்பிடியுமாக வருகிற சைக்கிள் இது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006-ஆம் ஆண்டு சரளைச் சாலையில் 200 மைல் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2022-இல் இத்தாலியில் இதற்கு உலகப் போட்டியே நடந்தது. கேட்கப் புதுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு ஓடி, பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் சைக்கிள் மிதித்த நம் அப்பாமாருக்கு இதில் என்ன புதுமை? அதே செம்மண், அதே சரளை. பந்தயம் வைக்க ஆளில்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தக் காலத்து ராலே போன்ற வண்டிகள் பலவற்றில் செயினை மூடி ஒரு தகரக் கவர் இருக்கும். இங்கிலாந்தில் சன்பீம் என்ற கம்பெனி, கவருக்குள்ளேயே எண்ணெய் நிற்கும்படி செய்து விற்றது. மழையும் மண்ணும் செயினை அண்டாது. இன்றைய கிரேவல் பைக்கில் பின்பக்கம் பத்துக்கு மேற்பட்ட பல்சக்கரங்கள் இருப்பதால் கவர் போட வழியில்லை. செயின் மொட்டையாக வெளியே கிடக்கிறது. ஆகவே எண்ணெய்தான் அதற்குக் கவர். வேலைக்குப் போய்வர மட்டும் சைக்கிள் வேண்டும் என்பவர்களுக்குக் கவர் வைத்த பழைய மாதிரியே உத்தமம் என்பேன். இளைஞர்கள் கேட்க மாட்டார்கள், போகட்டும்.

செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-இல் அமைத்த உருளைச் செயினின் வழியில் வந்ததுதான் இதுவும். நூறுக்கு மேற்பட்ட கணுக்கள். ஒவ்வொரு கணுவிலும் ஓர் ஆணி, அதைத் தழுவிய தகடு, அதற்கு மேல் சுழலும் சின்ன உருளை. மிதிக்கும்போது தேய்மானம் நடப்பது இந்த ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். எண்ணெய் அங்கே இருந்தால் போதும். வெளியே பளபளவென்று வழிகிற எண்ணெயால் எந்தப் பயனும் இல்லை. தூசியைப் பிடித்து வைப்பது ஒன்றே அது செய்கிற வேலை. செம்மண் தூசியும் எண்ணெயும் குழைந்தால் என்ன ஆகும்? கத்தி தீட்டுகிற அரக்கல் மாவுதான். அது மெல்ல உள்ளே இறங்கி ஆணியை அறுக்கிறது. நேற்றைய மண்ணைத் துடைக்காமல் இன்றைக்கு எண்ணெய் விட்டால், அந்த மண்ணை நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். உங்கள் மகனின் செயினுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இனி எந்த எண்ணெய் என்பதைப் பார்ப்போம். வீட்டில் கிடைக்கிறது என்று சமையல் எண்ணெயை விடாதீர்கள். காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் மெலிசு. ஒரு மழைக்குத் தாங்காது. மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை விடுகிற பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதில் கரியும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். செயினுக்கும் ஆகாது, கைத்தோலுக்கும் ஆகாது. டபிள்யூ.டி.40 என்கிற நீல நிற டப்பா இல்லாத வீடு குறைவு. 1953-இல் அமெரிக்காவில் அதைச் செய்தது ஈரத்தை விரட்டுவதற்கு. மழையில் நனைந்து வந்த செயினில் அடித்து நீரை வெளியேற்றலாம். பிறகு துடைத்துவிட்டு முறையான எண்ணெய் விட வேண்டும். அதே பெயரில் சைக்கிள் செயினுக்கென்று தனி எண்ணெயும் விற்கிறார்கள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

சைக்கிள் கடையில் இரண்டு வகைப் போத்தல் கிடைக்கும். ஒன்று ‘வெட்’, ஈரத்துக்கானது. கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், மழையில் கழுவிப் போகாது, ஆனால் தூசியைச் சேர்க்கும். மற்றது ‘டிரை’, வறட்சிக்கானது. விட்ட பிறகு அதிலுள்ள திரவம் ஆவியாகி மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். தூசி அவ்வளவாகச் சேராது, ஆனால் நல்ல மழை ஒன்று பெய்தால் போயிற்று. கிள்ளான் பக்கம் மழை அதிகம் கொட்டுவது அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும். அப்போது ‘வெட்’ விடுங்கள். ஜூன், ஜூலையில் மழை குறைந்து சடக்கில் தூசி பறக்கும்போது ‘டிரை’ போதும். பண்டமாரானில் கடற்காற்றின் உப்பும் உண்டு, துறைமுக லாரிகள் கிளப்புகிற தூசியும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ‘வெட்’ வாங்கி, சிக்கனமாக விட்டு, நன்றாகத் துடைத்து ஓட்டுவதே நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

மெழுகு போடுகிற முறை ஒன்றும் இப்போது பரவி வருகிறது. செயினைக் கழற்றி, பழைய எண்ணெய் ஒரு பொட்டு இல்லாமல் கழுவிக் காயவைத்து, உருக்கிய பாரபின் மெழுகில் முக்கி எடுப்பார்கள். செயின் சுத்தமாக இருக்கும். கையில் கறை ஒட்டாது. தூசிக்கு இதைவிட நல்லது இல்லை. மழை இல்லாவிட்டால் சுமார் 300 கிலோமீட்டர் வரை தாங்கும். நனைந்துவிட்டாலோ அன்றைக்கே துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லையேல் துரு ஏறும். பிள்ளைகள் இதை அடுப்படியில் செய்தால் தாய்மார்கள் ஒரு கண் வைத்திருங்கள். மெழுகுச் சட்டியை நேரே நெருப்பில் வைக்கக்கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள்.

எண்ணெய் விடுகிற நேரம் புறப்படுகிற நேரம் அல்ல, திரும்பி வந்த மாலை நேரம். முதலில் பழைய கைலித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி அழுக்கைத் துடையுங்கள். மண் அப்பியிருந்தால் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கார் கழுவுகிற கடையில் வேகமாகப் பீய்ச்சுகிற குழாயைச் சக்கரத்தின் நடுவில் காட்ட வேண்டாம். உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியேறிவிடும். காய்ந்த பிறகு, கீழ் ஓட்டத்துச் செயினின் மேல்புறத்தில், உருளைக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்று போதும். பெடலைப் பின்பக்கமாக ஒரு நிமிடம் சுற்றுங்கள். இரவு முழுக்க அப்படியே விடுங்கள். எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும், ‘டிரை’ வகையாக இருந்தால் அதன் திரவம் ஆவியாக வேண்டும். காலையில் சுத்தமான துணியால் வெளிப்புறத்தை அழுத்தித் துடையுங்கள். தொட்டால் விரலில் லேசாகப் படிய வேண்டுமே தவிர, கறுப்பாக ஒட்டக்கூடாது. ஓட்டும்போது குருவிபோலக் கீச்சிட்டால் எண்ணெய் வற்றிவிட்டது; கறகறவென்றால் உள்ளே மண்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. எண்ணெயை ஸ்பிரே டப்பாவில் அடித்தால் அது பிரேக் தட்டிலும் தெறிக்கும். பிரேக் கட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் பெரும்பாலும் கட்டையையே மாற்ற வேண்டியதுதான். கேரித் தீவுக்குப் போகிற வழியில் லாரிகளுக்கு நடுவே பிரேக் பிடிக்காமல் போவதை நினைத்துப் பாருங்கள். சொட்டுப் போத்தலே வாங்குங்கள்.

சகோதரி, கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல் தேய்ந்திருந்தால் அவர் சொல்வது சரிதான். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிற்காது, அழுத்தி மிதிக்கும்போது தாவும். அடுத்த முறை இந்தச் செலவு வராமலிருக்க, மாதம் ஒரு தடவை மகனை ஓர் இரும்பு அடிக்கோலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அளந்தால், புதுச் செயினில் 25-ஆவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒரு வீசம் அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். அரைக்கால் அங்குலம் கூடும்வரை விட்டுவைத்தால், பல்லுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்க வேண்டியதுதான்.