பழைய இயங்குதளத்திற்கு விடை கொடுப்போம்



எங்கள் பள்ளிக் கணினி அறையில் இருப்பவை பெரும்பாலும் நன்கொடையாக வந்த கணினிகள். அவை அனைத்திலும் விண்டோஸ் 10 இயங்கிவந்தது. அந்த இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. "கணினிதான் நன்றாக ஓடுகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?" என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆதரவு முடிந்த நாளில் கணினி நின்றுவிடுவதில்லை. ஆனால், அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு, நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகள் திருத்தம் பெறுவதில்லை. பூட்டுப் பழுதென்று ஊருக்கே தெரிந்தபின் வீட்டைத் திறந்து போடுவதற்கு இது ஒப்பாகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014இலும், விண்டோஸ் 7க்கு 2020இலும் இதே நிலை வந்தது. அப்பொழுதெல்லாம் "இன்னும் ஓராண்டு போகட்டும்" என்றே நாம் காலம் கடத்தினோம். அக்கணினிகளில் இருப்பவை நம் மாணவர்களின் அடையாள எண்களும் மதிப்பெண்களும் என்பதை மறந்துவிடலாகாது.

விண்டோஸ் 11க்கு மாறலாமே எனலாம். அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. 2017ஆம் ஆண்டிற்கு முந்திய கணினிகளுள் பெரும்பாலானவை அத்தகுதியைப் பெறுவதில்லை. அதற்காக, உழைக்கும் நிலையிலுள்ள கணினிகளைக் குப்பையில் போடுவது முறையாகுமா?

ஆகவே, லினக்ஸ் மின்ட் 22 பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். 2024இல் வெளிவந்த இப்பதிப்பிற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. உரிமக் கட்டணம் இல்லை. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் இயங்குகிறது. பயர்பாக்ஸ் உலாவியும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பும் உடன் வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். முதலில் விரலியிலிருந்தே இயக்கிப் பார்த்தோம். வன்தட்டில் எதையும் மாற்றாமல் சோதிக்க அது வழி செய்கிறது.

மாணவர்கள் இரண்டாம் நாளே பழகிக்கொண்டனர். தடுமாறியவன் நான்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலந்தொட்டுச் சேர்த்து வைத்திருந்த என் கேள்வித்தாள்களைத் திறந்தபொழுது, தமிழெழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தெரிந்தன. புதிய இயங்குதளத்தின்மீது சினம் கொண்டேன். பிறகுதான் உண்மை விளங்கியது. அவை ஒருங்குறியில் அமையாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அவை அப்படித்தான் தெரியும். குற்றம் லினக்ஸினுடையதன்று; இத்தனை ஆண்டுகள் மாற்றாமல் விட்ட என்னுடையது.

விடுமுறையில் அமர்ந்து, எழுத்துரு மாற்றியின் துணையுடன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினேன். மாற்றியபின் ஒவ்வொன்றையும் கண்ணால் படித்துத் திருத்த வேண்டியிருந்தது. கொம்பும் காலும் இடம் மாறிய சொற்கள் பல இருந்தன. எனினும் அவ்வுழைப்பு வீணாகவில்லை. இனி அக்கேள்வித்தாள்களை எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கலாம்.

மாற விரும்பும் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். ஒரே ஒரு கணினியில் மட்டும் மாற்றி, ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். அச்சுப்பொறி இயங்குகிறதா என்று சோதியுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் பாட மென்பொருள் இருந்தால், அதற்கெனப் பழைய கணினி ஒன்றை இணைய இணைப்பின்றி ஒதுக்கி வையுங்கள்.

ஒரு நிறுவனம் குறிக்கும் நாளில் நம் கணினி அறை மூடப்பட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இயங்குதளங்கள் வரும், போகும். நம் தமிழ்க் கோப்புகள் எதிலும் திறக்கும் நிலையில் இருக்க வேண்டும். அது நம் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் ஆசிரிய நண்பன்