பவளத்தின் மேல் நிற்காதீர்கள்

புறாத்தீவில் இடுப்பளவு தண்ணீரிலேயே பவளம் தொடங்கிவிடுகிறது. கொம்பு கொம்பாகக் கிளைத்த பவளம், அதற்குள் புகுந்து புறப்படும் கிளிமீன்கள், சற்றுத் தள்ளிப் போனால் துடுப்பின் நுனி கறுத்த சின்னச் சுறாக்கள். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து படகில் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். 2003-இல் இலங்கை அரசு தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். அங்கே போய் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நிற்கிறார்கள். மாஸ்க்கில் ஆவி படிந்தால் நிற்கிறார்கள். மூச்சுவிடும் குழாயில் தண்ணீர் புகுந்தால் நிற்கிறார்கள். போட்டோவுக்காக நிற்கிறார்கள். மணலில் இல்லை, பவளத்தின் மேல்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றுலாக் கப்பல் கிளம்பியபோது, கிழக்குக் கடற்கரைச் சாலைப் (ஈ.சி.ஆர்.) பக்கத்துக் குடும்பங்களுக்கும் புறாத்தீவைப் பார்க்கும் ஆசை வந்தது. வராமல் இருக்குமா? கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எங்கள் கடலில் முகத்தை அமிழ்த்தினால் ஒன்றும் தெரியாது. அலை ஓயாமல் மணலைக் கிளறும். மழைக்காலத்தில் பாலாறு கொண்டுவரும் வண்டல் வேறு. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வைத்துத்தான் அதற்குச் சோறு போடுகிறது. மாமல்லபுரத்துக் கடற்கோயிலுக்கு எதிரே 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமான எச்சங்கள் கிடப்பதை 2002-இல் ஆய்வாளர்கள் முக்குளித்துப் பார்த்தார்கள். நம்மைப் போன்றவர்கள் மேலே மிதந்தபடி அவற்றைப் பார்க்க வழியில்லை. அதனால் கடலடியைக் காணக் கப்பலேறுகிறோம். திருகோணமலையில் கப்பல் நிற்பது ஒரு பகல். வேன், டிக்கெட் வரிசை, படகு எல்லாம் போக நீரில் கிடைப்பது சொற்ப நேரம். அந்தச் சொற்ப நேரத்தில்தான் இவ்வளவு நாசமும்.

"கல்லுதானே சார், என்ன ஆகிடும்?" என்று என்னிடம் கேட்டவர் நன்றாகப் படித்தவர். கல் இல்லை ஐயா. குண்டூசித் தலை அளவுள்ள மெல்லிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து கட்டிய வீடு அது. வேகமாக வளரும் கொம்புப் பவளமே ஆண்டுக்கு ஒரு சாண்கூட நீளாது. உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஒரு மிதியில் ஒடிவது ஒரு குழந்தை பள்ளிப்படிப்பை முடிக்கும் அத்தனை காலத்தின் வளர்ச்சியாக இருக்கலாம். ஒடியாவிட்டாலும், காலால் கிளப்பிய மணல் அவற்றின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். நம் நாட்டில் 2001-இலிருந்து பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் உண்டு, புலிக்கு உள்ள அதே அட்டவணை. புலியின் மேல் ஏறி நின்று யாராவது போட்டோ எடுப்பார்களா?

என்னை அதிகம் வருத்தியது அந்தப் படித்தவர் இல்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டிய ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் நன்றாகத்தான் மிதந்துகொண்டிருந்தான். அம்மா கரையிலிருந்து, "கால வை கண்ணா, கால வை!" என்று அலறினார். அவன் பதறிப்போய்க் காலை ஊன்றினான். பாதத்துக்கடியில் பவளம் நொறுங்கியது, அவன் பாதமும் கிழிந்தது. அந்த அம்மாவிடம் எப்படிக் கோபப்படுவது? அவருக்குத் தண்ணீர் என்றால் சாவு. நம் கரையில் வளர்ந்த பலருக்கும் அப்படித்தான். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கல்லூரிப் பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போன செய்தி வராத ஆண்டு உண்டா? அதற்கு நாம் கண்ட மருந்து, இறங்காதே என்று ஒரு போர்டும் போலீஸ்காரரின் விசிலும்தான். நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே!

செங்கல்பட்டுப் பக்கம் முந்தைய தலைமுறைக்கு நீச்சல் தெரியும். முதுகில் சுரைக்குடுக்கையோ இடுப்பில் கயிறோ கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். அந்தக் கிணறுகள் பல மனைப்பிரிவுகளுக்கு அடியில் போய்விட்டன. ஏரியில் இறங்க வீட்டில் விடுவதில்லை. நீச்சல்குளம் வைத்த பள்ளிக்குக் கட்டணம் கட்ட எத்தனை பேரால் முடியும்?

இதே கரையில்தான் கோவளம் குப்பத்துப் பிள்ளைகள் பலகையில் ஏறி அலையை ஆள்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. கடலைத் தெரிந்தவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறோம், கற்றுக்கொள்ளப் போவதில்லை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டில், நீச்சலின் முதல் சான்றிதழ் வாங்கவே குழந்தைகள் உடையும் செருப்புமாக நீந்திக் காட்ட வேண்டும். தவறி விழும்போது யாரும் நீச்சலுடையில் இருப்பதில்லை என்பதால் அந்த ஏற்பாடு. பயமுறுத்துவதை விட்டு இப்படிப் பழக்கினால் என்ன?

செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்: கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள அரசுப் பள்ளிகளில் மிதப்பதையும் நீந்துவதையும் பாடமாக வையுங்கள். சொல்லித்தர அந்தக் குப்பத்துப் பிள்ளைகளையே சம்பளம் கொடுத்து அழையுங்கள். கப்பல் டிக்கெட் எடுக்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கிளம்புவதற்கு முன் ஏதாவது ஒரு குளத்தில் முகத்தை நீருக்குள் வைத்து, காலைத் தரையில் ஊன்றாமல், பத்து நிமிடம் மிதந்து பழகுங்கள். அது வராதவர்கள் புறாத்தீவின் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம்.